குப்பைமேட்டுக் கறுப்பு

ஆர்லீன் குபிட்ஸுக்கு மனிதர்களை எண்ணத் தெரியும். மதிக்கத்தான் தெரியாது. ஷெல்டன் ஃபால்ஸ் ஊரின் பள்ளிப் பேருந்துகளை அனுப்பிவைக்கும் மேஜையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள் அவள். எந்தப் பேருந்து எந்தத் திருப்பத்தில் எத்தனை பிள்ளைகளோடு நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கட்டியவன் ஃபுளோரிடாவில் ஒரு படகோடும் வேறொருத்தியோடும் குடித்தனம் நடத்துகிறான். அந்தக் கணக்கை மட்டும் அவள் பிந்தித்தான் கவனித்தாள் என்று ஊரில் சொல்வார்கள். எதிரில் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

அவளுக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. பிள்ளைகளை எண்ணும் வேலை போய்விட்டாலும் எங்கள் ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கம் அவளிடம்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக, பிப்ரவரி மாதத்தில் சங்கத்தை விமானம் ஏற்றி மேற்கே மலைகளுக்குக் கூட்டிப்போய், கை கால் குறையாமல் திருப்பிக் கொண்டுவருகிற பயணத் தலைவி அவள்தான். யாராவது எத்தனை பேர் என்று கேட்டால், "முப்பத்திமூணு பேரும் நானும்" என்பாள். முப்பத்திநாலு என்று ஒருநாளும் சொன்னதில்லை. மந்தையை எண்ணும்போது மேய்ப்பவளையும் சேர்த்தா எண்ணுவார்கள்?

விஸ்கான்சினில் எங்கள் பக்கம் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால் நாங்களே ஒன்று செய்துகொண்டோம். நாற்பது வருஷம் ஊரே கொட்டிய குப்பையின் மேல் மண் போட்டுப் புல் நட்டு, கம்பியில் தொங்கி ஆளை மேலே ஏற்றும் ஒரு நாற்காலி லிஃப்டும் வைத்து, ‘ஈகிள் சம்மிட்’ என்று பலகை மாட்டினார்கள். எல்லோரும் குப்பைமேடு என்றுதான் சொல்கிறோம். உயரம் இருநூறு அடி. ஏற நாலு நிமிஷம், சறுக்கி இறங்க நாற்பது வினாடி. அடியில் அழுகும் குப்பையின் காற்று வெளியேற, வெள்ளைப் பனிக்கு நடுவே அங்கங்கே குழாய்கள் நிற்கும். அந்தக் குழாய்களில் மோதாமல் இறங்கத் தெரிந்தவன் எங்கள் ஊரில் சூரன்.

பனிச்சறுக்கு நடக்கிற எந்த மேட்டிலும் எளிய பாதைக்குப் பச்சை வட்டமும், நடுத்தரத்துக்கு நீலச் சதுரமும், கடினமானதற்குக் கறுப்பு வைரமும் போடுவது வழக்கம். உயிரோடு விளையாடும் பாதைக்கு இரட்டைக் கறுப்பு. ஆனால் ஒவ்வொரு மேடும் தன்னைத்தானே அளந்துகொண்டுதான் பலகை வைக்கிறது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு முதல் மாணவன் உண்டு அல்லவா, அந்த மாதிரி. குப்பைமேட்டில் செங்குத்தாக இருக்கிற பாதைக்கும் கறுப்பு வைரம்தான் மாட்டியிருக்கிறார்கள். மேற்கே ஒரு நல்ல மலையில் அதைக் கொண்டுபோய் வைத்தால் குழந்தைகளை முதல் நாள் நிறுத்திப் பழக்கும் இடமாகக்கூடத் தேறாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

இது சங்கத்தில் யாருக்கும் உறைத்ததில்லை, ஆர்லீனைத் தவிர. வருஷாவருஷம் பயணப் படிவத்தில் ‘உங்கள் திறமை’ என்ற கேள்விக்கு நேரே எல்லோரும் கறுப்பைத்தான் குறிப்பார்கள். இரண்டாவது பீருக்குப் பிறகு படிவம் நிரப்புகிறவர்கள் இரட்டைக் கறுப்பு. ஆர்லீன் சத்தம் போடாமல் ஆளுக்கு இரண்டு படி குறைத்துக் கணக்கிட்டு, மெழுகிய தரை போல அகலமாகச் சரிந்த பாதைகள் உள்ள சாதுவான மலையாகப் பார்த்து ஏற்பாடு செய்வாள். அங்கே போய் மூன்று நாள் உருண்டுவிட்டு, பனி சரியில்லை, காலில் மாட்டிய சறுக்குக் கட்டை சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்பார்கள். நாலாம் நாள் ஊர் திரும்பி, மேற்கை வென்று வந்த கதையை ஈஸ்டர் வரை அளப்பார்கள்.

ஒரே ஒருவர்தான் இதில் சேரமாட்டார். நார்ம் டெஸ்லிங், ஓய்வுபெற்ற தபால்காரர். இருபத்திரண்டு வருஷமாக நீலச் சதுரத்தைக் குறித்து, பக்கத்தில் ‘மெதுவாக வருவேன்’ என்று எழுதுகிறவர். சொன்னபடி மெதுவாகவே வருவார். ஆர்லீனுக்கு மற்றவர்களைவிட அவர்மேல்தான் இளக்காரம் அதிகம். பொய் சொல்கிறவனிடம் ஆசையாவது இருக்கிறது, இந்த மனுஷனிடம் அதுகூட இல்லையே என்பாள்.

வம்பு ஆரம்பித்தது அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை. அன்று ஸ்ட்ரூபெல் மதுக்கடையின் பின் அறையில் மீன் வறுவலோடு சங்கக் கூட்டம். தலைவர் டுவேன் ரீபெக் எழுந்தார். கராஜ் கதவு விற்கிற மனிதர், தொப்பை அந்தக் கதவுகளில் ஒன்றைப் போல எந்நேரமும் பாதி திறந்தே இருக்கும். பிராந்தி டம்ளரைக் கையில் பிடித்தபடி, ஆர்லீன் எடுத்து வைத்த வழக்கமான மலையின் படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா ஆர்லீன், இந்த வருஷமும் தொட்டில்ல போட்டு ஆட்டப்போறியா? எங்களுக்கும் உடம்புல ரத்தம் ஓடுதும்மா."

அறையே சிரித்தது. பல்வரிசை திருத்தும் டாக்டர் கென்ட் லோரிமர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். ஆர்லீனுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் இந்தக் கூட்டத்தின் மானத்தை மூடிவைத்தவளுக்கு இதுதான் மரியாதை. அதோடு அவளுக்கு அந்த வாரம்தான் முட்டி டாக்டர் தேதி குறித்திருந்தார். ஏப்ரலில் வலது முட்டியை மாற்றுகிறார்கள். அதன் பிறகு சறுக்கலாம், ஆனால் சாதுவான இடமாகப் பார்த்து, கிழவி மாதிரி சறுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். வயோமிங்கில் ஆன்வில் ஹார்ன் என்று ஒரு மலை. அதன் உச்சியிலிருந்து ‘பாதிரி இறக்கம்’ என்று ஒரு பாதை விழுகிறது. கடவுளே இல்லை என்கிறவனும் அதன் விளிம்பில் நின்றால் பாதிரியாகிவிடுவானாம். இருபது வருஷமாக அதன் படத்தை ஆர்லீன் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். இந்த பிப்ரவரியை விட்டால் படம் மட்டும்தான் மிஞ்சும்.

அவள் படிவக் கட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள்.

"சரி டுவேன். நீங்க எழுதிக் குடுத்ததை நான் நம்புறேன். முப்பத்திரண்டு பேர் கறுப்பு, அதுல பதினோரு பேர் இரட்டை. இவ்வளவு பெரிய ஆளுங்களுக்கு ஏத்த மலை ஆன்வில் ஹார்ன் ஒண்ணுதான். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

பொரித்த சீஸை மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. ஆன்வில் ஹார்னில் பச்சை வட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் வாகன நிறுத்தத்துக்குப் போகிற வழி என்று எல்லோருக்கும் தெரியும். மாட்டேன் என்றால் படிவத்தில் எழுதியது பொய் என்றாகிவிடும். முதல் கை டுவேனுடையது, தலைவராயிற்றே. முகத்தில் மட்டும் ரத்தம் ஓடியதாகத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் ஏறின. நார்மும் தூக்கினார், மற்றவர்கள் தூக்கியதால்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாத கூட்டம் வைகுண்டத்துக்குப் பயணச்சீட்டு வாங்கிவிட்டது. பின்வாங்கவும் முடியாது. பெயர் கொடுத்துவிட்டு விலகுகிறவரின் பெயரும் காரணமும் அடுத்த மீன் வறுவலில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு விதி. அதற்குப் பயந்து, நிமோனியாவோடு வந்து சறுக்கினவர்கூட உண்டு. எனவே யாரும் விலகவில்லை, ஆர்லீனைத் தொலைபேசியில் அழைத்துத் துருவினார்கள். அங்கே உயரத்தில் காற்று மெலிசாமே, பல் வைத்தியனுக்கு விரல் மரத்துப்போனால் பிழைப்பு என்னாவது என்று கேட்டார் கென்ட். பெட்ஸி ஹோல்ட்ஸ் என்ற பூக்கடைக்காரி, பிப்ரவரியில் தன் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் வந்தாலும் வரும் என்றாள். அவனுக்குப் பெண்ணே பார்க்கவில்லை. ஆர்லீன் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். காரணத்தை எழுதிக் கொடுங்கள், வாசித்துவிடலாம். அந்த மாதம் அவள் மிக நன்றாகத் தூங்கினாள்.

நவம்பர் நடுவில் ஆன்வில் ஹார்னிலிருந்து வழிகாட்டி கோடி ஹார்க்னஸ் பேசினான். ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைத்து மிதித்துப் பார்த்துவிட்டுப் பேசுகிற ஆள்.

"பாதிரி இறக்கத்துக்கு நாங்க கூட்டிட்டுப் போகணும்னா ஒரு கடுதாசி வேணும் மேடம். ஆளுக்கு ஒரு வரி. அவங்க இறங்குனதுலயே செங்குத்தானது எது, எந்த மலை, எந்த வருஷம். தலைவி கண்ணால பாத்ததை மட்டும் எழுதணும். எங்க ஊர்க் கறுப்புன்னு எழுதுனா செல்லாது. போன வருஷம் அப்படி நம்பி ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயி, கயிறு கட்டி இறக்க வேண்டியதாப் போச்சு."

"எல்லாரும் தேறலைன்னா?"

"தேறுனவங்க மட்டும் மேல. ஒருத்தர் தேறுனாலும் போதும், நான் கூட்டிட்டுப் போறேன்."

ஒருத்தர் போதும். ஆர்லீனுக்குத் தேன் வந்து காதில் பாய்ந்தது. முப்பத்திமூன்று பேரின் யோக்கியதையையும் கண்ணால் கண்டபடி எழுதி, அடுத்த மீன் வறுவலில் வாய்விட்டு வாசித்துவிட்டு, அவள் மட்டும் மேலே போவாள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கட்டும்.

சனிக்கிழமை காலை சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு பயணங்களுக்கும் இருபத்திரண்டு பச்சை நோட்டுகள் வைத்திருந்தாள், அவற்றில் எல்லாம் பதிவாகியிருந்தது. டுவேன் ரீபெக்: யூட்டாவில் நீலப் பாதை, பாதிக்கு மேல் உட்கார்ந்தபடி இறங்கினார். குப்புற விழுந்து எழுந்து, மீசையில் மண் ஒட்டவில்லை என்றவர். கென்ட் லோரிமர்: காயம் ஒன்றும் இல்லாமல் மீட்புப் படுக்கையில் கட்டிக் கொண்டுவரப்பட்டார், கேட்டதற்கு அனுபவத்துக்காக என்றார். பெட்ஸி: லிஃப்டிலிருந்து இறங்க மறுத்து மூன்று சுற்று போனாள். எழுத எழுத ஆர்லீனுக்குச் சிரிப்பு தாளவில்லை. ஆறிப்போன காபியைக்கூட ருசித்துக் குடித்தாள். நார்முக்கு ‘நீலம், மெதுவாக’ என்று எழுதினாள், அவரே சொன்னதுதான்.

கடைசி வரி அவளுடையது. ஆர்லீன் குபிட்ஸ் என்று எழுதி, எந்த மலை, எந்த வருஷம் என்று நோட்டுகளைப் புரட்டினாள். காலை ஒன்பது, லிஃப்ட் அருகே எண்ணினேன், முப்பத்திமூன்று. பதினொன்று, பெட்ஸியின் கண்ணாடி கிடைத்தது. பன்னிரண்டு, சாப்பாட்டு மேஜை பிடித்தேன். மூன்று மணி, எண்ணினேன், முப்பத்திரண்டு, நார்ம் வரவேண்டும். இப்படியே இருபத்திரண்டு நோட்டு. மேலே போனேன் என்று ஒரு வரியும் இல்லை. இரண்டாம் தடவை புரட்டினாள். மூன்றாம் தடவை மெதுவாகப் புரட்டினாள்.

ஒரு நாள் இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், யூட்டாவில், ஒரு நிஜமான கறுப்புப் பாதையின் விளிம்பில் அவள் நின்றாள். கட்டை நுனி காற்றில் நின்றது, அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட அவள் நகரவில்லை. அந்த நேரம் பார்த்து வாக்கிடாக்கியில் பெட்ஸி கீழேயிருந்து, ஒரு கையுறையைக் காணோம் என்று அழுதாள். ஒரு கையுறைக்காக ஆர்லீன் குபிட்ஸ் திரும்பி, லிஃப்ட்காரனிடம் சொல்லி, மேலே வந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து கீழே போனாள். அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லோரிடமும் சொன்னாள்: "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? யாராவது ஒருத்தர் பட்டியலோட கீழ இருக்கணுமே." கைதட்டினார்கள். அதற்குப் பிறகு வருஷாவருஷம் அதையே சொல்லி, அவளும் நம்பிவிட்டாள். அவளுடைய படிவத்தில் இருந்ததும் இரட்டைக் கறுப்புதான். வருஷாவருஷம் பழையதைப் பார்த்துப் பிரதி எடுத்ததுதான், ஒருமுறைகூடப் படித்ததில்லை. அவள் கறுப்பும் குப்பைமேட்டுக் கறுப்புதான்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. தனியாக இருந்தும் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நாற்காலியில் அன்று அவளோடு இன்னொருவரும் கீழே வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நார்மைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நார்ம், யூட்டால அன்னைக்கு நான் ஏன் லிஃப்ட்ல இறங்குனேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நானும் அதுக்குத்தானே இறங்குனேன்."

"இத்தனை வருஷமா நான் அளந்துக்கிட்டே இருந்தேன். நீ ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"கடுதாசியைக் கொண்டு குடுக்கிறதுதான் என் வேலை, ஆர்லீன். பிரிச்சுப் படிக்கிறது இல்ல."

அவரை எத்தனை மேஜைகளில் கேலி செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, எண்ணுவதில் கெட்டிக்காரியான அவள் பாதியில் விட்டுவிட்டாள். எழுதிய கடிதத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மற்றவர்களை வாசிக்க இனி அவளுக்கு வாயில்லை. ஆனால் மலை இருக்கிறது, முட்டி இருக்கிறது, ஏப்ரல் இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் ஒரு பொய் எழுதினால் பாதிரி இறக்கம் அவளுடையது. யூட்டா, கறுப்பு, என்று இரண்டே சொல். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? ஒரு வாரம் முழுக்க அந்த இரண்டு சொல்லோடு அவள் மல்லுக்கட்டினாள். குப்பைமேட்டுக்கும் போனாள். கறுப்புப் பலகைக்குக் கீழே சறுக்கி, கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வினாடி. குழாய் ஒன்றின் பக்கத்தில் நின்று, முட்டியைத் தடவிக்கொண்டு, கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை, மீன் தட்டுகள் எடுக்கப்பட்ட பிறகு ஆர்லீன் எழுந்தாள். விலகுகிறவர் பட்டியல் வாசிக்கிற காகிதம் அவள் கையில் இருந்தது. அறை திகைத்தது. யார் அந்த மானங்கெட்டவன் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆன்வில் ஹார்ன் பயணம், பாதிரி இறக்கம். விலகுறவர், ஆர்லீன் குபிட்ஸ். காரணம், பயம். நான் நிஜக் கறுப்புல ஒரு தடவைகூட இறங்குனதில்ல. மலைக்கு வருவேன். ஆனா கீழ, புதுசாப் பழகுறவங்க வகுப்புல சேரப்போறேன்."

உட்கார்ந்தாள். இனி அவர்கள் சிரிக்கட்டும் என்று தயாராகத்தான் இருந்தாள். ஒருவேளை, யாராவது இரண்டு பேராவது தங்கள் படிவத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றும் ஒரு மூலையில் நினைத்தாள். இருபத்திரண்டு வருஷம் பழகியும் இந்தக் கூட்டத்தைப் பற்றி அவள் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

டுவேன் மெதுவாக எழுந்தார். முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத நிறம் திரும்பியிருந்தது. கண்ணில் நீர்கூடத் தளும்பியது.

"ஏம்மா ஆர்லீன், உன்னை ஒண்டியா விட்டுட்டு நாங்க மேல போயிடுவோமா? எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா யாராவது ஒருத்தர் உன்னோட கீழ இருக்கணுமே. நான் இருக்கேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கென்ட் எழுந்து, பெரிய தியாகம்தான், ஆனாலும் நட்பு என்று ஒன்று இருக்கிறதே என்றார். பெட்ஸி மூக்கைச் சிந்திக்கொண்டு, பாதிரி இறக்கம் அடுத்த ஜென்மத்துக்கும் அங்கேயேதான் இருக்கும், ஆர்லீன் இருப்பாளா என்று கேட்டாள். வரிசையாக எழுந்தார்கள், ஒவ்வொருவராக, ஆர்லீனுக்காக, ஆர்லீனுக்காக என்று. யாரோ அவளுக்கு ஒரு பிராந்தி வாங்கி வந்து வைத்தார்கள், நோயாளிக்கு வைப்பதுபோல. சங்க வரலாற்றில் பயம் என்று பதிவான முதல் பெயரை முன்னே தள்ளிவிட்டு, முப்பத்திரண்டு சூரர்கள் அதன் பின்னால் சௌகரியமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஆர்லீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த வாசகம் யாருடையது? ‘யாராவது ஒருத்தர் கீழ இருக்கணுமே.’ அவளே கற்றுக்கொடுத்த பாடம், வருஷம் தவறாமல் சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகள் ஒப்பித்தார்கள். அவள் பேனாவை எடுத்து, விதிப்படி ஒவ்வொரு பெயருக்கும் நேரே காரணத்தை எழுதினாள். துணை, துணை, துணை. நார்ம் கடைசியாக வந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று, தன் பெயருக்கு நேரே தானே எழுதினார். பயம். அதையும் மெதுவாகத்தான் எழுதினார்.

மறுநாள் காலை ஆர்லீன் கோடி ஹார்க்னஸைக் கூப்பிட்டு, கடிதம் வராது, வகுப்புதான் வேண்டும் என்றாள்.

"எத்தனை பேர் மேடம்?"

முப்பத்திமூணு பேரும் நானும் என்று பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"முப்பத்திநாலு."

"முப்பத்திநாலு பேர்ல ஒருத்தருக்குக்கூடக் கறுப்பு வராதா மேடம்?"

ஆர்லீன் குளிர்பெட்டிக் கதவில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"ஏன் வராது? முப்பத்திரண்டு பேருக்கு வரும்," என்றாள். "எல்லாரும் எனக்குத் துணைக்கு வராங்க."